முன்வரிசை விருந்தாளி

முன்வரிசையில் நட்டநடுவே உட்கார்ந்திருந்த லோக்ஹெய்யை ஒரு மனிதரும் கண்டுகொள்ளவில்லை. டிக்கெட் பார்க்க வந்த பெண் இரண்டாம் வரிசையிலிருந்துதான் எண்ணத் தொடங்கினாள். டார்ச் வெளிச்சம் தவறிப்போய் அவனுடைய வெளுத்த முகத்தில் பட்டதும் பதறிப்போய்க் கும்பிட்டுவிட்டு வந்த வழியே திரும்பினாள்.

பலித்துவிட்டது! கழிப்பறையில் நின்று ஒரு டப்பா பவுடரை முழுசாக முகத்தில் அப்பிக்கொண்டது வீண்போகவில்லை.

சீன நாட்காட்டியில் ஏழாம் மாதம் பிறந்தால் பேய்களுக்கு விடுமுறை. ஹாங்காங் கூத்துக் கொட்டகைகளில் முன்வரிசை அவர்களுக்குத்தான். அருங்காட்சியகத்தில் நடந்த கான்டனீஸ் மொழிப் படத் திருவிழாவிலும் அதே மரியாதை: இருக்கைக்கு இருக்கை சிவப்புத் துணி, மேலே ஓர் ஆரஞ்சு. ஊதுபத்தி ஏற்றினால் தீயணைப்புக் குழாய் திறந்து கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும் என்பதால் அதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

குங்ஃபூ படம், சிரிப்புப் படம் என்றால் லோக்ஹெய் இந்தப் பாடு பட்டிருக்கவே மாட்டான். இன்றைக்கு ஒரு பழைய கறுப்பு வெள்ளைக் கூத்துப் படம். ஒரே காட்சி, டிக்கெட் போன வாரமே தீர்ந்துவிட்டது. பார்க்காமல் போனால் காதலி யீமான் கிடைக்க மாட்டாள்.

காலையில்கூட அவள் போனில் புலம்பினாள். "எங்கப்பா பிடிச்ச பிடியிலேயே நிக்கிறார்டா. 'கூத்துப் படத்தைப் பொறுமையா உக்காந்து பாக்க முடியாதவன் உன்னோட எப்படிக் குடும்பம் நடத்துவான்?'ங்கிறார். தனக்கு டிக்கெட் கிடைக்கலைங்கிற கடுப்பு வேற."

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

"நாளைக்கு டிம்சம் சாப்பிட வருவேல்ல, அப்போ படத்தோட முடிவை அவர்கிட்ட சொல்லணும். முதமுதலா உன்னைப் பாக்கப் போறார். சொதப்பிடாதே!"

கதாநாயகி முதல் பாட்டை இழுக்க ஆரம்பித்தபோது பக்கத்து இருக்கையில் யாரோ மெல்ல வந்து அமர்ந்தார். சுண்ணாம்பு அடித்தது போன்ற முகம், கணுக்கால் வரை தொங்கும் பழங்காலத்து அங்கி. மடியில் ஒரு துணிப்பை. அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"தம்பி புதுசா?" என்று கிசுகிசுத்தார்.

"என்னது?"

"இந்த வரிசைல உன்னைப் பாத்ததில்லையே. எப்போ போனே?"

லோக்ஹெய் அவசரமாகக் கணக்குப் போட்டான். உயிரோடு இருக்கிறேன் என்று சொன்னால் வெளியே தள்ளிவிடுவார்கள். "போ... போன மாசம்" என்றான்.

"அடப்பாவமே! சின்ன வயசு. எப்படிப்பா?"

"பைக்ல."

"எனக்குப் புயல். படகோட சேத்துக் கவுத்துடுச்சு." பெரியவர் பெருமூச்சு விட்டார். பை இன்னும் சொட்டியது. "இந்தப் படத்தோட முடிவைப் பாக்காமலே போயிட்டேன். அதான் மனசு அடங்கல."

"ஐயா, உங்ககிட்ட டிக்கெட்..."

"டிக்கெட்டா? நம்மகிட்ட எவன்டா கேப்பான்?"

கிழவர் சும்மா கதை விடுகிறார் என்று மனசு அடித்துச் சொன்னது. ஆனாலும் இருக்கையின் மறுஓரத்துக்கு நகர்ந்துகொண்டான். எழுந்து ஓடிவிடலாமா? திரையில் கதாநாயகி இன்னும் முதல் காதல் தோல்விக்கே வந்து சேரவில்லை. யீமானை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

பெரியவர் பைக்குள் கையை விட்டு வெகுநேரம் எதையோ துழாவிக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கையாலேயே அவன் மணிக்கட்டைப் பிடித்தார். அப்பப்பா, என்ன குளிர்ச்சி!

"என்னப்பா இது? உன் கை சுடுதே!" முகத்தை அவன் முகத்துக்கு நேரே கொண்டுவந்தார். "நீ இன்னும் முழுசா எங்காளு ஆகலியா? இரு, இரு. மத்தவங்களையும் கூப்பிடுறேன். எல்லாருமாச் சேந்து உன்னை முடிச்சு வச்சிடுறோம்."

படமாவது, முடிவாவது! "ஐயோ!" என்று அலறியபடி லோக்ஹெய் எகிறிக் குதித்தான். ஆரஞ்சுகள் திசைக்கொன்றாய் உருண்டன. இரண்டாம் வரிசைக்காரர்கள் மொத்தமாக எழுந்து நின்று, ஓடும் அவனைக் கும்பிட்டு அனுப்பிவைத்தார்கள்.

முன்கூடத்துத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். உள்ளே பாட்டு கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பிப் போகக் காலும் வரவில்லை, போகாமல் இருக்க மனசும் வரவில்லை. நாளைக்கு யீமானின் அப்பா முன்னால் என்னத்தைச் சொல்வது? அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

பக்கத்துப் பெஞ்சில் வயதான அம்மாள் ஒருத்தி கைக்கண்ணாடியைப் பார்த்து மும்முரமாகப் பவுடர் அப்பிக்கொண்டிருந்தாள். அவளுடைய போன் அதிர்ந்தது.

"ஓடிட்டானா?" அம்மாள் துள்ளி எழுந்தாள். "அப்போ உங்க பக்கத்து நடு சீட்டு எனக்குத்தான்! முதல்ல அந்த ஐஸ் பையைக் கீழ வைங்க, கை விறைச்சுடப் போகுது. இதோ வந்துட்டேன்."

லோக்ஹெய் வாயைப் பிளந்தபடி நின்றான். அம்மாள் அவனைத் தாண்டிப் போய்க் கதவில் கை வைத்தாள். போனில் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

"போனா போறான் விடுங்க. நம்ம யீமானோட ஆளு அவனை மாதிரியா? எங்கேயாவது உக்காந்து முழுசாப் பாத்துக்கிட்டிருப்பான்!"