மிங்கலடானிலிருந்து டம்டம்

"மிங்கலடான்ல ஏறினா டம்டம்லதான் எறக்கம். அறுநூத்தம்பது மைல். நாலு மணி நேரம்" என்றார் ரங்கூன் துரைக்கண்ணு, தம் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து.

முன்னது ரங்கூன் விமான நிலையம், பின்னது கல்கத்தாவினுடையது. செஞ்சிக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்த ஊரில் மற்றவர்கள் மழைக்காக மட்டும் ஆகாயத்தை அண்ணாந்து பார்ப்பவர்கள். அதில் உட்கார்ந்து வந்தவர் அவர் ஒருவர்தான். ஊர் அதை மறந்துவிடாமல் இருக்க அவர் மிகவும் பாடுபட்டார்.

பக்கத்து மண்டி அனந்தநாதன் பொடி டப்பியைத் தட்டினார்.

"போன வருசம் மூணு மணி நேரம்னியே. பிளேனுக்கும் வயசாவுதா?"

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். வாசலில் வந்து நின்ற இருதயமேரி சிரிக்கவில்லை.

அவள் புருஷன் காஸ்பர், ரங்கூனில் துரைக்கண்ணுவின் கடையில் வேலை பார்த்தவன். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் உள்ளே வந்தபோது முதலாளி பிளேன் ஏறிவிட்டார். காஸ்பர் காட்டு வழியாக நடக்கும் கூட்டத்தோடு புறப்பட்டான். துரைக்கண்ணு ஊருக்குச் சொன்னது இப்படித்தான்.

மூன்று வருஷமாக ஆளும் இல்லை, சேதியும் இல்லை.

"கல்லறைத் திருநாள் வருது முதலாளி. வெறும் மண்ணுலயாவது ஒரு சிலுவை நட்டுடுன்றாரு மாமனாரு. நட்டுட்டா தாலிய கழட்டணும். நீங்க இன்னா சொல்றீங்க?"

துரைக்கண்ணு வாய் திறப்பதற்குள் அனந்தநாதன் முந்திக்கொண்டார். பெரிய மனிதர்களின் காற்றைப் பிடுங்குவதில் இருக்கிற ருசி அப்படி.

"அவரை போயி கேக்குறியேம்மா. பிளேனாவது ஒண்ணாவது. திண்டிவனம் ஸ்டேஷன்ல ரெண்டு பாதமும் புண்ணா, கோணி சுத்திக்கினு எறங்கினாரு. நான்தான் வண்டில போட்டு இட்டாந்தேன். காடு மலையெல்லாம் நடந்த காலு அது."

இந்தத் தடவை மண்டியே சிரித்தது.

துரைக்கண்ணு மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் கோபம் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை.

"மேரி, நானும் காஸ்பரும்…" என்று ஆரம்பித்தார்.

"இல்ல முதலாளி." அவள் குரல் உயரவில்லை. "நீங்க பிளேன்ல வந்தீங்க. அவருதான் நடந்து வர்றாரு."

சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது. அனந்தநாதன் பொடி டப்பியைத் திறந்தார், போடாமலே மூடினார்.

இருதயமேரி முந்தானையைக் கழுத்தோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு மூட்டையோரமாக உட்கார்ந்தாள்.

"மேல ஏறினதுலருந்து சொல்லுங்க."

துரைக்கண்ணு தொண்டையைச் செருமினார்.

"மேல ஏறினதும் ஒரே மேகம்" என்றார். "கீழ நடந்து போறவங்க யாரும் கண்ணுக்குத் தெரியல."