நாய் படுத்த வாசல்

சோளக்காட்டில் டீச்சரம்மா வெட்டுப்பட்டுக் கிடந்த அன்று மத்தியானம், போலீஸ் மோப்ப நாய் ஊரின் இருபது வீடுகளையும் தாண்டி ஓடி, கடைசியில் பூதப்பாண்டி வீட்டு வாசலில் நாக்கைத் தொங்கவிட்டபடி படுத்துக்கொண்டது. ஊரே பார்த்தது. "வெயில் தாங்காம நிழலுக்கு ஒதுங்கியிருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்று இன்ஸ்பெக்டர் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். மறுநாளிலிருந்து பூதப்பாண்டி போய் உட்கார்ந்தால் டீக்கடை பெஞ்சு முழுக்க அவனுக்கே கிடைத்தது. ஊரைவிட்டுப் போய்விடலாம்தான், போனால், ஓடிவிட்டான் என்பார்கள். வீட்டில் அரிவாள்மனையைக் காணவில்லை. மனைவி பேராச்சி பக்கத்து வீட்டில் உட்கார்ந்து அதில் காய் நறுக்கி, கிண்ணத்தில் எடுத்துவந்து குழம்பு வைத்தாள். ஏனென்று அவன் கேட்கவில்லை. ஏழு மாதம் கழித்து, கொன்றவன் வெளியூரில் பிடிபட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாகப் பேப்பரில் வந்தது. பூதப்பாண்டி அந்தப் பேப்பரை வாங்கிவந்து அவளுக்குச் சத்தமாக, இரண்டு தடவை வாசித்துக் காட்டினான். பிறகு, "இனி அருவாமனைய எடுத்துட்டு வரலாம்லா?" என்றான். "அது அங்கனயே கெடக்கட்டும்" என்றாள் பேராச்சி, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டு. "எனக்குப் பழகிட்டு."