எதிர்வீட்டுக் குழம்பு

“குழம்புல உப்பு போட்டியா, இல்ல கடலையே ஊத்திட்டியா?” கல்யாணமான புதிதில் மாசிலாமணி தன் மனைவி பூங்கோதையிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். அன்றைக்கு அழுதவள், இன்றைக்கு அதைக் கேட்க ஏங்கினாள்.

தலைக்கு எவ்வளவு உற்பத்தி என்று அண்டை நகரங்களோடு மாநகரம் போட்டி போடத் தொடங்கியதிலிருந்து, உற்பத்தி குறைந்த வீட்டாரை எல்லைக்கு வெளியே அனுப்பிவிடுகிறார்கள். தன் வீட்டுக்குச் சமைப்பது உற்பத்தியில் சேராது. எதிர்வீட்டுக்குச் சமைத்து விற்றால் சேரும். அதனால் பூங்கோதை சமைத்ததை எதிர்வீட்டு ரோசம்மாள் வாங்கினாள். ரோசம்மாள் சமைத்ததை இவர்கள் வாங்கினார்கள். மாசிலாமணியும், “ரொம்ப நல்லாருக்குங்க” என்று விருந்தாளி மாதிரி சாப்பிட்டுக் கைகழுவுவான்.

காய்ச்சலில் விழுந்தவனுக்கு அந்தச் சாப்பாடு இறங்கவே இல்லை. பூங்கோதை துணிந்து தானே வத்தக்குழம்பு வைத்தாள். தட்டில் சோறு போட்டதும் கணக்கெடுக்கும் அதிகாரி பதிவுக் கருவியோடு வாசலில் வந்து நின்றார்.

“யார் சமையல்?”

“எதிர்வீட்டு ரோசம்மாக்கா சமையல் சார்.”

மாசிலாமணி ஒரு வாய் அள்ளிப் போட்டான். முகம் மலர்ந்தது. “என்னடி கோதை, இன்னிக்கும் உப்பு தூக்கலா?” என்று பழக்கத்தில் கேட்டும்விட்டான்.

அதிகாரி அந்தத் தட்டையே பார்த்தார். அவர் கையிலிருந்த சாப்பாட்டுக் கேரியரில் அவர் வீட்டுப் பெயரல்ல, யாரோ ஒரு வீட்டின் பெயர் ஒட்டியிருந்தது. எதையும் பதியாமல் கருவியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, படியிறங்கிப் போனார்.