பச்சை ஸ்டிக்கர்

"அவ எதுக்கு சார் மன்னிப்பு கேக்கணும்? இருங்க, நான் முடிச்சுக்கிறேன்!"

ஹாஸ்டல் சாப்பாட்டு ஹால்ல தட்டுச் சத்தம் நின்னுச்சு. மைக் பி.டி. மாஸ்டர் கையில. பக்கத்துல தலை குனிஞ்சபடி என் ரூம்மேட். விளையாட்டுப் போட்டியில இரும்புக் குண்டு எறியிறவ. எல்லாரும் சேர்ந்து வச்ச பேரு டேங்கர்.

"விடுடி, ஒரு சாரிதானே, சொல்லிட்டுப் போறேன்"னு முணுமுணுத்தா.

"நீ பேசாம இரு. என்ன சார், விதியா? ஹாஸ்டல் மீட்புக் குழுவுல இல்லாதவ யாரையும் தூக்கக் கூடாது, சரி. அவளைக் குழுவை விட்டுத் தூக்கினது யாரு? நீங்கதானே?"

மாஸ்டர் சுவத்துல மாட்டியிருந்த பி.எம்.ஐ. போர்டைக் காட்டினார்.

"ஆமா, அவ பேருக்கு நேரா சிவப்பு ஸ்டிக்கர். பி.எம்.ஐ. முப்பது. பி.எம்.ஐ.ன்னா என்ன சார்? எடையை உயரத்தால வகுத்து, மறுபடியும் உயரத்தாலயே வகுக்கிறது. அவ்ளோதான். அவளோட எண்பது கிலோவுல எவ்ளோ தசை, எவ்ளோ கொழுப்புன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

யாரோ கிளுக்குன்னு சிரிச்சாங்க.

"அதைத் தூக்கிக் குப்பையில போடச் சொல்லல. ஊருக்கே கணக்கெடுக்க நல்ல சல்லடை. ஆனா ஒரு ஆளுக்குத் தீர்ப்பு எழுதணும்னா இடுப்பை அளங்க, ரத்தம் பாருங்க, மாடி ஏறச் சொல்லிப் பாருங்க. மீட்பு ஒத்திகையில உங்க பச்சை ஸ்டிக்கர் படை என்ன பண்ணுச்சு? மணல் மூட்டையை ரெண்டாவது மாடியிலயே போட்டுட்டு உக்காந்துடுச்சு! தூக்குறதுக்கு ஆள் எடுத்தீங்களா, காத்துல பறக்க விட எடுத்தீங்களா?"

ஹாலே சிரிச்சுச்சு. சமையல்காரம்மா கரண்டியோட வாசலுக்கே வந்துட்டாங்க.

"விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னா? விழலையே சார்! நாலு மாடி. லிஃப்ட் கிடையாது. மயங்கிக் கிடந்தவளைத் தோள்ல போட்டுக்கிட்டு ஒரு இடத்துலகூட இறக்கி வைக்காம கீழ கொண்டு வந்தா. இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா பொழைச்சிருக்க மாட்டான்னு டாக்டரே சொன்னாங்க."

மாஸ்டர் விடுற மாதிரி இல்ல.

"பேரா? யாரைத் தூக்கினான்னு அவ சொல்ல மாட்டா, அதனால உயிர் போற அவசரம்னு கதை விடுறான்னு முடிவு பண்ணிட்டீங்க. ஞாயித்துக்கிழமை, ஹாஸ்டல் காலி. வாட்ச்மேன் பார்த்தது அவ முதுகை மட்டும். சரி, நான் சொல்றேன்."

டேங்கர் என் கையைப் பிடிச்சா. "வேணாம்டி."

அந்தப் பிடியை உதற முடியுமா? ஒவ்வொரு விரலா பிரிச்சேன்.

"போர்டு நடுவுல ஒரு போட்டோ ஒட்டி, 'பி.எம்.ஐ. இருபத்தொண்ணு. ஆரோக்கியம்னா இதுதான்'னு எழுதியிருக்கீங்களே, அவதான் சார். சுகர் நானூறு! எத்தனை மாசமா உள்ள இருந்துச்சோ, ஒல்லியா இருக்காளேன்னு யாரும் டெஸ்ட் பண்ணல. விஷயம் வெளிய தெரிஞ்சா அவ உடைஞ்சு போயிடுவான்னு, பேரைச் சொல்லாம உங்ககிட்ட திட்டு வாங்கிக்கிட்டு நிக்குது இந்தச் சிவப்பு ஸ்டிக்கர்."

மாஸ்டர் கண்ணு போட்டோவுக்குப் போய்த் திரும்பி வந்துச்சு.

நான் டேங்கர் பக்கத்துல போய், அவ தோளை இடிச்சுக்கிட்டு நின்னேன்.

"மைக்கை எதுக்கு சார் இறக்குறீங்க? வாய்கிட்ட வைங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரி பதில் சொல்லுங்க. அன்னைக்கு என்னை யாரு தூக்கியிருக்கணும்?"