சூடு பார்க்கும் கன்னம்

இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு கன்னத்தின் கதை சொல்கிறேன். கடைசல் பட்டறை ஞானமுத்து மரப்பேனா செய்கிறவர். உப்புத்தாள் வைத்துத் தேய்க்கும்போது கட்டை சூடேறினால் பேனா வெடித்துவிடும். முப்பது வருஷம் உளி பிடித்துக் காய்த்துப்போன அவர் விரல்களுக்குச் சூடு தெரியாது. தன் கன்னத்தில் வைத்துப் பார்க்கலாமென்றால் முகமெல்லாம் தாடி. அதனால் அடிக்கடி இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பேனாவை மனைவி செல்லத்தாயின் கன்னத்தில் வைப்பார். அவள் "ம்" என்றால் தேய்ப்பார், "ஸ்" என்றால் ஆறவிடுவார்.

போன வருஷம் பள்ளிக்கூடத்தில் சாய்ந்த வாகைமரத்தின் கட்டையில், ஓய்வுபெறும் பெரிய டீச்சருக்கு ஒரு பேனா செய்து தரும்படி பள்ளிக்கூடத்தார் கேட்டிருந்தார்கள். நாலு நாளில் விழா. அந்த நேரம் பார்த்து, "எங்க வீட்டு மீன்குழம்பவிட ஒன் குழம்புதான் ருசி" என்று அவர் தன் அக்காவிடம் போனில் சொன்னது செல்லத்தாயின் காதில் விழுந்துவிட்டது. மூன்று நாளாக அவள் பேசவில்லை. மூன்று பேனா வெடித்துவிட்டன. விடிந்தால் விழா, மிச்சம் ஒரே ஒரு கட்டை.

அதைப் பாதி தேய்த்ததும் கழற்றி எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"ஏட்டி, இத மட்டும் பாத்துச் சொல்லேன். டீச்சருக்குள்ளது."

"ஒங்க அக்கா கன்னம் எங்க போச்சு?"

"அது தூத்துக்குடியில்ல இருக்கு."

வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, செல்லத்தாய் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பியதில் கன்னம் சரியாக அவர் பக்கம் வந்து நின்றது.

உங்கள் வீட்டில் கோபித்துக்கொள்கிறவர்கள் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குள் பேசிவிடட்டும், என் தங்கங்களே.