கதவுக்குப் பின்னால் நாலு எண்

ஹெலனுக்கும் இம்மானுவேலுக்கும் சேர்த்து ஒரே ஏடிஎம் கார்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அவளுக்குக் காலை ஷிப்ட், அவனுக்கு மதிய ஷிப்ட். பின் நம்பர் மாற்றினால் அவள் கதவுக்குப் பின்னால் சாக்பீஸில் எழுதி வைப்பாள். அவன் மனப்பாடம் செய்துகொண்டு ஈரக்கையால் அழித்துவிட்டுப் போவான்.

அவன் மாரடைப்பில் செத்து நாலு மாதமாகிறது. திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து போனை எடுத்தபோது மெசேஜ் வந்திருந்தது. கம்பெனி எதிரே, ஷிப்டுக்கு முன் அவன் தினமும் சாப்பிடும் ஓட்டலில், ஒன்று நாற்பதுக்கு, தொண்ணூறு ரூபாய். கார்டு அவள் பர்ஸிலேயே இருந்தது. செவ்வாய்க்கிழமையும் அதே நேரம், அதே தொண்ணூறு.

பேங்கில் கார்டை பிளாக் செய்தார்கள். "பின் நம்பரைச் சரியா போட்டிருக்கான். யாருக்கும்மா சொன்னீங்க?"

"எங்க ஊட்டுக்காரருக்கு மட்டுந்தான் சார்."

புதன்கிழமை, கார்டு செல்லாது என்று பதினோரு மெசேஜ். நிமிஷத்துக்கு ஒன்று. ஹெலன் பேங்குக்கு ஓடினாள்.

"பிளாக்கை எடுத்துடுங்க சார். அவரு பசி தாங்கமாட்டாரு. சாப்ட்டுட்டு காசு குடுக்க முடியாம நின்னுகினு இருக்காரு சார்!"

"எடுக்க முடியாதும்மா. புதுசுதான் வரணும்."

புதுக் கார்டு வர எட்டு நாளானது. எட்டு நாளும் மெசேஜ் வந்தது. எட்டு நாளும் அவள் மதியம் சாப்பிடவில்லை. கார்டு வந்த அன்றே புது நம்பர் போட்டு, கதவுக்குப் பின்னால் பெரிதாக எழுதினாள்.

மறுநாள் ஒன்று நாற்பதுக்குத் தொண்ணூறு ரூபாய் போயிருந்தது. அவள் வீட்டுக்கு ஓடிவந்து கதவைச் சாத்திப் பார்த்தாள். நம்பர் இருந்த இடத்தில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பலகை ஈரமாக இருந்தது.