மரவட்டை அக்கா ஷூ வாங்கிய கதை

மூன்று ஏரிகளையும் நிற்காமல் சுற்றும் ஓட்டப் பந்தயத்துக்கு மரவட்டை அக்கா பேர் கொடுத்துவிட்டாள். "நீயா!" என்று எறும்புகள் சிரித்ததில் ரோஷம் வந்து, நேரே நத்தைத் தம்பியின் ஷூக்கடைக்குப் போனாள்.

"எத்தனை ஜோடிக்கா?"

"எனக்கு இருக்கிற அத்தனை காலுக்கும்தான்!"

"அப்ப ஒவ்வொரு ஜோடியையும் போட்டு, அந்தப் புளியமரம் வரைக்கும் ஓடிப் பாருங்க. கடிச்சா மாத்தித் தரேன்."

ஒரு ஜோடி கடித்தது, இன்னொன்று கழன்றது. அக்கா தினமும் வந்து, மாற்றி மாற்றிப் போட்டு ஓடினாள். முதல் நாள் பாதி வழியிலேயே மூச்சு வாங்கியது. போகப் போக, மரத்தைத் தொட்டுவிட்டுப் பாடிக்கொண்டே திரும்பினாள்.

கடைசி ஜோடியும் பொருந்திய அன்றுதான் திக்கென்றது. "ஐயையோ, நாளைக்குப் பந்தயமாச்சே! ஷூ பார்த்தே பொழுது போச்சு. ஒரு நாள்கூட ஓடிப் பழகலையே தம்பி!"

நத்தை வாசலைக் காட்டினான். கடையிலிருந்து புளியமரம் வரை புல்லெல்லாம் தேய்ந்து, பளிச்சென்று ஒரு பாதை விழுந்திருந்தது.

"அட, யாரு போட்ட ரோடு இது?"

"நீங்க போட்டதுதான்க்கா. இப்பல்லாம் எறும்புங்களே இதுலதான் போகுதுங்க."